ராஜாமணி அக்கா வீட்டு ரசம்

"நீங்க எப்போ போவீங்க?"

கேட்டவளுக்கு ஐந்து வயது இருக்கலாம். பெயர் பட்டு. பாவாடை ஓரத்தைச் சுருட்டி வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு, என் அப்பா, அம்மா, நான் என்று வரிசையாக உட்கார்ந்திருந்த எங்கள் எதிரில் வந்து நின்று கேட்டாள்.

அப்பா தொண்டையைக் கனைத்தார். "மழை விட்டதும் போயிடுவோம் பாப்பா."

"விடாட்டி?"

அப்பா அம்மாவைப் பார்த்தார்.

"நீங்க போனப்புறம்தான் எங்களுக்குச் சோறாம். அக்கா எல்லாம் ஆக்கி மூடி வச்சிருக்கு. நான் தொறந்து பார்த்தேன்."

அடுப்படிப் பக்கமிருந்து ஒரு கை நீண்டது. பட்டுவின் பின்னலைப் பிடித்து, கொடியில் காய்ந்த துணியை உருவுகிற மாதிரி, அவளை உள்ளே இழுத்துக்கொண்டது. கதவு சாத்திக்கொண்டது. எங்கள் மூன்று பேர் வயிறும் ஒரே நேரத்தில் சத்தம் போட்டது.

இந்தத் தொடரை என் வீட்டுப் பிள்ளைகளுக்காகத்தான் எழுத ஆரம்பித்தேன். இப்போது மற்ற வீட்டுப் பிள்ளைகளும் படிக்கிறீர்கள் என்று கேள்விப்படும்போது கொஞ்சம் பயமாக இருக்கிறது. எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன் நான். எங்கேயாவது தப்பு இருந்தால் வீட்டில் பெரியவர்களிடம் கேட்டுத் திருத்திக்கொள்ளுங்கள்.

போன வாரம் தில்லை நகர் வயலாக இருந்ததைப் பற்றிச் சொன்னேன். இந்த வாரம் காவிரியைத் தாண்டி ஸ்ரீரங்கம் போகிறோம். போகிறோம் என்றால், போய் ஒரு வீட்டுக்குள் உட்கார்ந்துவிடப் போகிறோம். கோபுரம் பார்க்க முடியாது, ஆறு பார்க்க முடியாது. நாள் முழுக்க மழை.

டிக்கெட் வாங்காத நாலாவது ஆள்

அப்போது நான் திருச்சியில் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்த்தேன். பாலக்கரையில் நாலைந்து பேராகச் சேர்ந்து ஓர் அறை. அப்பாவுக்குத் துறையூரில் பாத்திரக்கடை. துறையூர்க்காரர்களுக்குத் திருச்சிதான் பட்டணம். மெட்ராஸெல்லாம் ரேடியோவில் வருகிற ஊர்.

எனக்குப் பெண் பார்க்க வேண்டும் என்று அப்பாவும் அம்மாவும் ஐப்பசியில் ஒரு நாள் காலை பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். அன்றைக்கு இரண்டு இடம். காலையில் ஸ்ரீரங்கத்தில் ஒன்று. மத்தியானம் உறையூரில் ஒன்று. உறையூர் வீடு மாடி வீடு. அதை அப்பா எங்களிடம் பல தடவை சொல்லிவிட்டார். ஸ்ரீரங்கத்தைப் பற்றிச் சொன்னது, "சும்மா எட்டிப் பார்த்துட்டு வந்துருவோம்" என்பது மட்டும்தான்.

மூன்று பேராக நல்ல காரியத்துக்குப் போகக் கூடாது என்பது அப்பாவின் கட்சி. நாலாவது ஆள் கிடைக்கவில்லை. பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் கிடந்த ஒரு கூழாங்கல்லை எடுத்துத் துடைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "இப்ப நாலு பேர் ஆச்சு, நடங்க" என்றார்.

"அதுக்கும் டிக்கெட் எடுக்கணுமா?" என்று அம்மா கேட்டாள். அப்பா காதில் வாங்கவில்லை.

நான் அறை நண்பனின் டெரிலின் சட்டையைப் போட்டிருந்தேன். டெரிலின் துணி அப்போதுதான் புதிதாக வந்த நேரம். அவன் என்னைவிடப் பருமன். கண்ணாடியில் பார்த்தபோது, சட்டை என்னைக் கேட்காமலே பெண் பார்க்கக் கிளம்பிவிட்ட மாதிரி இருந்தது.

காலால் ஒரு தள்ளு

அந்த வீடு ஒரு ஸ்டோரில் இருந்தது. ஸ்டோர் என்றதும் கடை என்று நினைத்துவிடாதீர்கள். தெருவுக்கு ஒரே வாசல், நடுவில் திறந்த முற்றம், சுற்றிலும் ஏழெட்டுக் குடித்தனம், பின்னால் ஒரு கிணறு. எல்லாருக்கும் எல்லாம் தெரியும். யார் வீட்டில் கடுகு வெடிக்கிறது, யார் வீட்டில் சண்டை வெடிக்கிறது என்று படுத்துக்கொண்டே சொல்லலாம்.

நாங்கள் உள்ளே நுழையும்போது தூறல். வெல்லப் பணியாரமும் பஜ்ஜியும் சாப்பிட்டு முடிக்கும்போது ஓடு உடைகிற மாதிரி பெருமழை.

பெண்ணின் அப்பா பெரிய கடைவீதியில் ஒரு ஜவுளிக்கடையில் துணி எடுத்துப் போடுகிறவர். மெலிந்த மனிதர். பேச்சு வராதபோதெல்லாம் கையில் கிடைத்த துணியை மடிப்பார். அப்பாவின் நனைந்த துண்டை வாங்கி நாலாக, எட்டாக மடித்து, பட்டுப்புடவை மாதிரி அவரிடமே நீட்டினார்.

பிறகு பெண் வந்தாள். கமலா. என் வீட்டுப் பிள்ளைகளுக்கு அம்மா. உங்களுக்குக் கமலா அத்தை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு கையாலும் காப்பித் தட்டைப் பிடித்துக்கொண்டு தலை குனிந்து நடந்து வந்தாள். அறையில் பாதி தூரம் வந்திருப்பாள். அவளுக்கு முன்னால், சரியாகப் பாயின் மேல், சொட்டென்று ஒரு துளி. இன்னொரு துளி. ஓடு ஒழுகுகிறது. எல்லாரும் பார்த்தோம். யாரும் அசையவில்லை. பெண் பார்க்கிற நேரத்தில் ஒழுகலைப் பற்றிப் பேசலாமா கூடாதா என்று யாருக்கும் தெரியவில்லை.

கமலா நின்றாள். மூலையில் ஒரு பித்தளை அடுக்குப் பாத்திரம் இருந்தது. தட்டு ஆடாமல், காப்பி சிந்தாமல், வலது காலை நீட்டி அந்த அடுக்கை ஒரு தள்ளுத் தள்ளினாள். அது தரையில் வழுக்கிக்கொண்டு போய்ச் சரியாகச் சொட்டுக்குக் கீழே நின்றது. டங். டங். பிறகு ஒன்றும் நடக்காத மாதிரி வந்து அப்பாவிடம் தட்டை நீட்டினாள்.

பட்டறையில் எங்கள் மேஸ்திரிகூட அவ்வளவு கச்சிதமாக ஒரு பொருளைக் கொண்டுபோய் வைத்து நான் பார்த்ததில்லை. இந்தப் பெண்தான் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

அப்பா முகம் வேறு மாதிரி ஆகிவிட்டது. பாத்திரக்கடைக்காரர் முன்னால் பித்தளையைக் காலால் தள்ளலாமா? அம்மா பக்கம் குனிந்து, "பார்த்தியா? கால்" என்றார்.

"நம்ம வீடும்தான் ஒழுகுது. நீங்க எந்தக் காலால தள்ளினீங்க?" என்றாள் அம்மா.

விடைபெற்ற பிறகு

காப்பி குடித்ததும் அப்பா எழுந்து, பெண் பார்க்கப் போகிற எல்லாரும் சொல்கிற அதே வசனத்தைச் சொன்னார். "ஊருக்குப் போய்க் கலந்துக்கிட்டுச் சொல்லி அனுப்பறோம்."

பெண்ணின் அப்பா தலையாட்டினார். அந்த வசனத்தை அவர் பல தடவை கேட்டிருப்பார் என்று முகத்தில் தெரிந்தது. நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா என்னைப் பார்த்தாள். அப்பா வாசல் கதவைத் திறந்தார்.

தெருவைக் காணவில்லை. ஒரே தண்ணீர். முழங்கால் வரை இருக்கும். எங்களைக் கொண்டுவந்து விட்ட குதிரை வண்டிக்காரர், குதிரை மறுக்கிறது என்று சொல்லிப் போய்விட்டாராம். யாருடைய செருப்போ ஒன்று மிதந்து வந்து, எங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது. அப்பா தன் செருப்பைத் தேடினார். அது ஏற்கெனவே போயிருந்தது.

"பாலத்துல பஸ் ஓடலையாம்" என்று எங்கேயோ ஒரு குரல் கேட்டது.

கதவைச் சாத்திவிட்டுத் திரும்பவும் வந்து உட்கார்ந்தோம்.

போய்வருகிறோம் என்று சொல்லிவிட்ட வீட்டிலேயே திரும்ப உட்கார்ந்திருப்பது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? பேச வேண்டியதெல்லாம் பேசியாகிவிட்டது. பெண்ணின் அப்பா மழையைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னார். என் அப்பாவும் மழையைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னார். பிறகு இரண்டு பேரும் மழையைக் கேட்டார்கள்.

நம் திருச்சிக்காரர்களுக்கு வெயில் என்றால் கவலை இல்லை. தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு மலைக்கோட்டைப் படிகூட ஏறிவிடுவோம். மழை என்றால் கை கால் ஓடாது. பாதிப் பேரிடம் குடை இருக்காது. இருக்கிற குடையும் வெயிலுக்கு வாங்கினதாக இருக்கும்.

ஊரில் மழை பெய்தால் அது வெளியேதான் பெய்யும். பட்டணத்து ஸ்டோரில் அது நடுவீட்டில் பெய்கிறது. முற்றத்தில் கொட்டுகிற தண்ணீர், தகரக் குழாயில் இறங்குகிற சத்தம், பக்கத்துக் குடித்தனத்தில் யாரோ தையல் மெஷின் மிதிப்பது, ஒரு ரேடியோ கரகரவென்று எதையோ பாட முயற்சி செய்து தோற்பது. காயாத துணிக்கு யாரோ சாம்பிராணி போட்டார்கள். எல்லா வாசனையும் ஓரிடத்தில் வந்து நின்றது.

அதோடு கொஞ்ச நேரத்தில் இன்னொரு வாசனையும் வந்து சேர்ந்தது. நெய்யில் மிளகும் சீரகமும் பொரிகிற வாசனை.

சோறு இருந்தும் பசி

இங்கேதான் உங்களுக்கு ஒரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும்.

பெண் பார்க்கப் போன வீட்டில் பலகாரம் சாப்பிடலாம், காப்பி குடிக்கலாம். சோறு சாப்பிடக் கூடாது. அதைக் கை நனைப்பது என்பார்கள். சோற்றில் கை வைத்துவிட்டால் சம்பந்தம் முடிந்தது என்று அர்த்தம். இரண்டு பக்கமும் சரி என்று சொல்லி வெற்றிலை பாக்கு மாற்றின பிறகுதான் இலை போடுவார்கள். இதெல்லாம் எங்கேயும் எழுதி வைத்ததில்லை. ஆனாலும் யாரும் மீற மாட்டார்கள்.

அப்பா இந்த விஷயத்தில் ரொம்பக் கண்டிப்பு. அவருடைய ஒன்றுவிட்ட தம்பி ஒருத்தர், பெண் பார்க்கப் போன இடத்தில் பசி தாங்காமல் ஒரு கவளம் தயிர்சாதம் சாப்பிட்டுவிட்டாராம். "அவனுக்குப் பொண்ணைப் பிடிக்கலை, தயிர்சாதத்தைத்தான் பிடிச்சுது. இப்ப மூணு புள்ளை" என்பார் அப்பா. அந்தச் சித்தப்பா சந்தோஷமாகத்தான் இருந்தார். அது அப்பாவுக்குக் கணக்கில்லை.

நாங்கள் சாப்பிட முடியாது. சரி. விருந்தாளி பட்டினியாக உட்கார்ந்திருக்க, வீட்டுக்காரர்கள் மட்டும் சாப்பிட முடியுமா? முடியாது. ஆக, அடுப்படியில் ஒரு குண்டான் நிறையச் சோறு. இந்தப் பக்கம் மூன்று பேர் பசி, அந்தப் பக்கம் நாலு பேர் பசி. நடுவில் ஒரு சாத்தின கதவு.

அப்போதுதான் கமலாவின் தங்கை பட்டு வந்து அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டுப் போனாள்.

அவள் போனதும் அம்மா மெல்லச் சொன்னாள். "கொழந்தைங்க பட்டினி கிடக்குது. ஒரு வார்த்தை சரின்னு சொல்லிட்டா என்ன?"

"பசிக்குதுன்னு பையன் வாழ்க்கையை முடிவு பண்றதா? உறையூரைப் பார்க்காம ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றார் அப்பா. சொல்லிவிட்டு மூக்கை அடுப்படிப் பக்கம் திருப்பினார். "ரசத்துல பூண்டு தட்டிப் போட்டிருக்காங்க."

எனக்குப் பசியைவிடப் பயம்தான் அதிகமாக இருந்தது. மழை விட்டால் உறையூர் போவோம். மாடி வீட்டைப் பார்த்ததும் அப்பா மயங்கிவிடுவார். வேண்டாம் என்று ஸ்ரீரங்கத்துக்குச் சொல்லி அனுப்பிவிடுவார். நான் அப்பாவை எதிர்த்துப் பேசிப் பழகினவன் இல்லை. மழை விடக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன்.

முறத்தைக் குடையாகப் பிடித்து

நான் உட்கார்ந்திருந்த இடத்துக்குப் பக்கத்தில் முற்றத்தைப் பார்த்து ஒரு ஜன்னல். அப்பாவும் அம்மாவும் அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்கள்.

ஜன்னல் வழியாக ஒரு காட்சி பார்த்தேன். கமலா இடுப்பில் ஒரு பெரிய குண்டானை வைத்துக்கொண்டு, தலைமேல் ஒரு முறத்தைக் கவிழ்த்துப் பிடித்தபடி முற்றத்தைத் தாண்டி எதிர்க் குடித்தனத்துக்கு ஓடினாள். திரும்பி வந்தாள். ரசச் சட்டியோடு ஓடினாள். மறுபடி வந்தாள். டம்ளர்களை முந்தானையில் கட்டிக்கொண்டு ஓடினாள். பாசியில் கால் வழுக்கியது. முறத்தை விட்டாள், டம்ளரை விடவில்லை. தொப்பலாக நனைந்துகொண்டே போனாள்.

கொஞ்ச நேரத்தில் ஓர் அம்மாள் வந்து நின்றார். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் ஆயா வேலை. குரல் ஸ்டோர் முழுக்கக் கேட்கும்.

"மீனாட்சியக்கா, யாரு விருந்தாளியா?" என்று கமலாவின் அம்மாவை ஒன்றும் தெரியாத மாதிரி கேட்டுவிட்டு, எங்கள் பக்கம் திரும்பினார். "வாங்க, வாங்க. நான் எதிர் வீட்டு ராஜாமணி. இன்னிக்கு எங்க வீட்டுல சோறு நிறைய வடிச்சுட்டேங்க. வீட்டுக்காரர் டவுன்ல மாட்டிக்கிட்டாரு. அம்புட்டும் வீணாப் போயிடும். எந்திரிச்சு வாங்க, ஒரு வாய் சாப்பிடலாம்."

அப்பா தயங்கினார்.

"நான் என்ன பொண்ணு வீடா? எங்க வீட்டுல சாப்பிட்டா கை நனைச்ச கணக்காகாதுங்களே" என்றார் ராஜாமணி அக்கா.

அப்பா யோசித்தார். அவர் யோசித்து நான் பார்த்ததிலேயே மிகச் சின்ன யோசனை அதுதான். "அது சரி. எதிர் வீடு எதிர் வீடுதான்" என்று எழுந்துவிட்டார்.

தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு முற்றத்தைத் தாண்டினோம். இலை போட்டார்கள். நான் உட்காரவில்லை.

"எனக்கு வயிறு சரியில்லைங்க" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று கேட்பீர்கள். அப்பாவுக்கு அது யார் வீட்டுச் சோறு என்று தெரியாது. எனக்குத் தெரியும். மழையில் நனைந்து தூக்கிக்கொண்டு ஓடினாளே, அந்தச் சோற்றைத் தெரிந்தே தின்றுவிட்டு, நாலு நாள் கழித்து வேண்டாம் என்று சொல்லி அனுப்பினால் நான் என்ன ஆள்? அதை அங்கே சொல்லவும் வழியில்லை. சொன்னால் அப்பா இலையை விட்டு எழுந்துவிடுவார். என் வாயில் வந்தது வயிறுதான்.

ஓமத் தண்ணீர்

ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறவரிடம் வயிறு சரியில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள்.

ராஜாமணி அக்கா என் கண்ணை இழுத்துப் பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார். ஒரு பெரிய லோட்டா நிறைய ஓமத் தண்ணீரைக் கொண்டுவந்து, கடைசிச் சொட்டுவரை குடிக்கிறேனா என்று இடுப்பில் கை வைத்து நின்று பார்த்தார். ஓமத் தண்ணீர் பசியைக் கிளப்புகிற மருந்து. காலையிலிருந்து ஒரு பணியாரமும் இரண்டு பஜ்ஜியும் மட்டும் தின்ற வயிற்றுக்கு அதை ஊற்றினால் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். நான் சுவர் ஓரமாக உட்கார்ந்து அப்பா சாப்பிடுவதைப் பார்த்தேன்.

அப்பா தலையை நிமிர்த்தவே இல்லை. கத்தரிக்காய்ப் பொரியல் போனது. பருப்பு போனது. ரசம் வந்ததும் இலையில் ஊற்ற விடாமல் டம்ளரில் வாங்கிக் குடித்தார். கண்ணை மூடினார். திறந்தார். டம்ளரைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றினார். பிறகு, "இன்னும் கொஞ்சம் ஊத்துங்க" என்றார்.

"இந்த ரசத்துக்கு மொளகு எவ்வளவு போட்டீங்கம்மா?"

ராஜாமணி அக்கா கூரையைப் பார்த்தார். "எல்லாம் போடறதுதாங்க" என்றார்.

பின்னால் எனக்குத் தெரிந்தது, ராஜாமணி அக்கா ரசம் வைத்தால் அவர் வீட்டுக்காரரே முற்றத்தில் ஊற்றிவிடுவாராம்.

இதற்குள் என் வயிற்று விஷயம் ஸ்டோரைச் சுற்றிவிட்டது. எதிர் வீட்டில் அது வயிற்று வலி. பக்கத்து வீட்டில் அல்சர். கிணற்றடிக் குடித்தனத்துக்குப் போய்ச் சேரும்போது, எனக்குச் சின்ன வயதில் ஒரு ஆபரேஷன் நடந்திருந்தது.

டம்ளரில் இருந்த பெயர்

சாப்பிட்டுவிட்டுத் திரும்பக் கமலா வீட்டுக்கு வந்தோம். அப்பா வெற்றிலையைத் துடைத்தபடி, ரொம்ப மெதுவாகக் கேட்டார்.

"அந்த அம்மா பேரு ராஜாமணிதானே?"

"ஆமாங்க" என்றார் கமலாவின் அப்பா.

"டம்ளர்ல மீனாட்சின்னு வெட்டியிருக்கே."

இப்போது வாங்குகிற எவர்சில்வரில் எத்தனை வீட்டில் பெயர் வெட்டுகிறார்களோ தெரியாது. அப்போது பெயரில்லாத பாத்திரமே கிடையாது. கல்யாணத்துக்குச் சீர் வாங்கினால், குண்டானிலிருந்து கரண்டிவரை பெண்ணின் பெயரை வெட்டிக் கொடுப்போம். எங்கள் கடை வாசலில் ஓர் ஆசாரி உட்கார்ந்து நாள் முழுக்கச் சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே இருப்பார். அந்தச் சத்தத்தில்தான் நான் வளர்ந்தேன். பாத்திரத்தைக் கையில் எடுத்தால் முதலில் பெயரைப் பார்ப்பது அப்பாவுக்கு மூச்சு விடுகிற மாதிரி. சோற்றை மாற்றினார்கள், வீட்டை மாற்றினார்கள், பாத்திரத்தை மாற்ற மறந்துவிட்டார்கள்.

கமலாவின் அப்பா கையில் மடிக்கத் துணிகூட இல்லை. தன் சட்டை நுனியையே பிடித்து மடித்தார். "ஐயா, தப்பா நினைக்கக் கூடாது. பசியோட உக்காந்திருந்தீங்க. பொண்ணுதான் ஏதோ..."

"எப்ப படிச்சேன் தெரியுமா?" என்றார் அப்பா. "மொத தரம் ரசம் குடிச்சேனே, அப்பவே."

வெற்றிலைக் காம்பைக் கிள்ளினார்.

"படிச்சுட்டுத்தான் ரெண்டாம் தரம் கேட்டேன்" என்றார் அப்பா. "கை நனைச்சாச்சு. வெத்தலை பாக்கு மாத்திக்கலாம்."

"உறையூர்ல மாடி வீடு?" என்று அம்மா கேட்டாள்.

"மாடியைக் கரைச்சா குடிக்க முடியும்?"

எனக்குத் துள்ளிக் குதிக்கலாம் போல இருந்தது. ஓமத் தண்ணீர் குலுங்கும் என்று பேசாமல் இருந்தேன்.

ஆனால் கமலாவின் அப்பா முகம் மலரவில்லை. உள்ளே போனார். மீனாட்சி அம்மாவும் அவரும் கிசுகிசுவென்று பேசுவது கேட்டது. 'அல்சர்' என்ற சொல் மட்டும் தெளிவாகக் காதில் விழுந்தது. வெளியே வந்தவர், என் அப்பாவைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னார்.

"நாங்களும் கலந்துக்கிட்டுச் சொல்லி அனுப்பறோமுங்க."

அப்பா வாயில் போன வெற்றிலை அப்படியே நின்றது. "என்னய்யா, என் வசனத்தை எனக்கே சொல்றீங்க!"

"இல்லீங்க... தம்பி ஒரு வாய்கூடச் சாப்பிடலை. உடம்புக்கு என்னமோ ஏதோன்னு வீட்டுல பயப்படுறா. எங்களுக்கும் பொண்ணு முக்கியமில்லீங்களா?"

நியாயம்தானே? இத்தனை நேரம் எனக்கு அப்பாவைப் பார்த்துத்தான் பயம். இப்போது என் வயிறே என் கல்யாணத்தை நிறுத்தப் பார்த்தது.

கமலா கேட்டது

அடுப்படிக் கதவு திறந்தது. கமலா வந்தாள். காலையில் வந்த மாதிரி தலை குனிந்து வரவில்லை. தலைமுடி இன்னும் ஈரம்.

"அப்பா, அவர்கிட்ட ஒண்ணு கேக்கணும்" என்றாள். அவர் பதில் சொல்வதற்குள் என்னிடமே கேட்டுவிட்டாள். "நெசமாவே வயிறு சரியில்லையா? இல்ல, சாப்பிடப் பிடிக்கலையா?"

"வயிறு நல்லாத்தான் இருக்கு" என்றேன். "நீங்க குண்டானைத் தூக்கிட்டு ஓடினதை ஜன்னல் வழியாப் பார்த்துட்டேன். உங்க வீட்டுச் சோறுன்னு தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்சப்புறம் கை வெச்சா சம்மதம்னு ஆயிடுமே."

"அதுல என்ன? பிடிக்கலையா?"

"பிடிச்சிருக்கு. நீங்க அந்த அடுக்கைத் தள்ளினப்பவே பிடிச்சிருக்கு."

அப்பா "காலால" என்று முணுமுணுத்தார். அம்மா அவர் தொடையில் ஒரு தட்டுத் தட்டினாள்.

"அப்புறம் என்ன?" என்றாள் கமலா.

ஒருவழியாகச் சொன்னேன். "அப்போ நான் சரின்னு சொன்னாலும் அப்பா என்ன சொல்லுவாரோன்னு பயம். இப்ப அப்பா சரின்னுட்டாரு. இருந்தாலும்... எங்களைப் பிடிச்சிருக்கான்னு உங்களை யாரும் கேக்கலையே. நீங்க சொல்லாம நான் எப்படிச் சாப்பிடறது?"

என் அப்பா என்னைப் பார்த்த பார்வை, கடையில் வைத்திருந்த பாத்திரம் திடீரென்று வாய் திறந்து பேசினால் எப்படிப் பார்ப்பாரோ அப்படி இருந்தது.

கமலா திரும்பி உள்ளே போய்விட்டாள்.

போச்சு என்று நினைத்தேன். பேசாமல் எல்லாரோடும் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கலாம். மாடி வீடும் இல்லை, ஒழுகுகிற வீடும் இல்லை, பாலக்கரை அறைக்கே திரும்பிப் போக வேண்டியதுதான்.

உள்ளே, எதிர் வீட்டிலிருந்து திரும்பி வந்திருந்த குண்டானைக் கரண்டியால் சுரண்டுகிற சத்தம் கேட்டது.

ஒரு தட்டோடு வந்தாள். நடுவில் கொஞ்சம் சோறு. இன்னொரு கையில் ஒரு செம்பு. எனக்கு முன்னால் வைத்தாள்.

"ரசம் அடிமண்டிகூட மிச்சமில்லை. உங்கப்பா விடலை. மோர்தான் இருக்கு. பரவாயில்லையா?"

பரவாயில்லை என்று சொன்னேனா, தலையாட்டினேனா, நினைவில்லை. கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தேன். அவள் செம்பைச் சாய்த்தாள்.

"நீங்க சாப்பிட்டாச்சா?" என்று கேட்டேன்.

"இல்லை."

"அப்போ பாதி போதும்."

அவள் நிறுத்தினாள். செம்பை ஆட்டிப் பார்த்தாள். உள்ளே போய் இன்னொரு தட்டை எடுத்து வந்து, எல்லாரும் பார்க்க, எனக்குக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து, மீதி மோரைத் தன் சோற்றில் ஊற்றிக்கொண்டாள். அவள் அப்பா மேலே ஓட்டைப் பார்த்தார். என் அப்பா மும்முரமாகச் சுண்ணாம்பு தடவ ஆரம்பித்தார்.

எலுமிச்சங்காய் ஊறுகாய் ஒரே ஒரு துண்டுதான் இருந்தது. அதை எங்கள் இரண்டு தட்டுக்கும் நடுவில் வைத்தாள்.